கூரை கழன்ற பெயர்கள்

வழக்கறிஞரின் பட்டியலில் பாட்டு இல்லை.
கார் இருந்தது. அடுப்பு இருந்தது.
போஹொர்யே மலைக்கென்று வாங்கிய
இரண்டு ஜோடி பனிச்சறுக்குக் கட்டைகள்கூட
நீள அகலத்தோடு இருந்தன.
நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளைப் பற்றி
யாரும் வாய் திறக்கவில்லை.

அதைப் பிரிக்க வேண்டாம் என்றான் கோராஸ்ட்,
பிரதி எடுத்தால் போதும்.
விலைச்சீட்டு உரிக்காத கறுப்புப் பெட்டியொன்றை
வாசலில் வைத்துவிட்டு
காலணிப் பனியைத் தட்டாமலே
ப்துய் ஊருக்குப் போகும் கடைசி ரயிலுக்கு ஓடினான்.

இரண்டு பெட்டிகளையும் சமையலறை மேசையில் வைத்து
ஒரே கம்பியில் கட்டினேன்.
பழையது பல்லைக் கடித்தது.
பகலெல்லாம் பிறருக்குப் பல் செய்கிறவள் நான்.
எது வெறுமனே அரைபடுகிறது
எது உடையப் போகிறது
என்று காது சொல்லிவிடும்.
இது இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்.

மீதி நேரம் மூன்று மணி.
தேநீர் போட்டுத் திரும்பினால் பதினொன்று.
பிறகு நாற்பது நிமிடம்.
மாரிபோர் பேருந்து நிறுத்தப் பலகைகூட
இவ்வளவு கூசாமல் பொய் சொல்லாது.

பெயர்கள் வரத் தொடங்கின.
எங்கள் எழுத்துகள் மூன்றுக்குத் தலைமேல் சின்னக் கூரை உண்டு.
கூரை என்றேதான் அதைச் சொல்வோம்.
புதிய பெட்டிக்கு அது விளங்கவில்லை.
அந்த எழுத்து நின்ற இடமெல்லாம் கேள்விக்குறி.
யார் பாடியது? கேள்விக்குறி.
எந்த ஊர் இசைக்குழு? இரண்டு கேள்விக்குறி.
நிறுத்தினேன். அமைப்பை மாற்றினேன்.
மறுபடி முதலிலிருந்து.

ஒரு கோப்புறைக்கு மட்டும் சேதமில்லை.
எங்கள் இலக்கணத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருமை என்றொரு எண் இருக்கிறது.
இருவர் நடந்தால் ஒரு வினைச்சொல்,
மூவர் நடந்தால் வேறு.
அந்தக் கோப்புறையின் பெயர் ‘நயினோ’.
நம் இருவருடையது என்று பொருள்,
மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத ‘நம்’.
கூரை இல்லாத சொல்.
அதனால் பிழைத்தது.

இரவு இரண்டு மணிக்கு எல்லாம் ஓரிடத்தில் நின்றது.
ஒரே கோப்பு, ஏழு மணி நேரம்.
யாரோ ஆசைப்பட்டுச் சேர்த்த
முழுநீள ஆபெரா என்று நினைத்துத் திறந்தேன்.

குறட்டை.

அவன் நம்ப மாட்டான் என்று
ஒரு அக்டோபர் இரவில் தலைமாட்டில் மைக் வைத்தேன்.
மறுநாள் அவன் கேட்க மறுத்தான்.
நானும் முதல் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை,
வழக்கில் வென்றுவிட்ட நினைப்பு.
இப்போது அங்கங்கே தள்ளித் தள்ளிக் கேட்டேன்.
இரண்டாம் மணியில் பக்கத்து வீட்டு நாய்.
கொஞ்சம் பொறுத்து என் குரல்: கோராஸ்ட், திரும்பிப் படு.
கட்டில் கிறீச்சிடுகிறது. அமைதி.
நாலாம் மணியில் இன்னொரு குறட்டை,
மெலிதாக, சீழ்க்கை கலந்து.
அதன்மேல் அவன் குரல், தூக்கம் கலையாமல்:
யெர்னேயா, திரும்பிப் படு.

கட்டில் மறுபடி கிறீச்சிடுகிறது.

இத்தனை வருடம் இதை அவன் சொல்லவே இல்லை.
பெருந்தன்மையா, மறந்துவிட்டானா?
இனி கேட்கவும் முடியாது, கேட்டால்
ஒலிப்பதிவைக் கேட்டேன் என்று ஆகிவிடும்.

மற்றதெல்லாம் பிரதி.
அவனிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும்.
இதை மட்டும் பிரதி எடுக்கவில்லை,
நகர்த்தினேன்.
இங்கே இல்லை, அங்கே உண்டு.
என்றைக்காவது சமைக்கும்போது
பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பான்,
அப்போது மாட்டிக்கொள்ளட்டும்.

ஆறு மணிக்கு முடிந்தது.
எண்ணிக்கை சரியாக இருந்தது, என் பக்கம் ஒன்று குறைவாக.
ஜன்னலுக்கு வெளியே த்ராவா ஆற்றின்மேல் ஆவி.
அவனுக்கு ஒரே வரி அனுப்பினேன்: எடுத்துக்கொண்டு போ.

வேலைக்குக் கிளம்பும்போதுதான் நினைவு வந்தது.
பழைய பெட்டியில் எதையும் உடனே அழிக்க முடியாது.
நகர்த்தினாலும் அழித்தாலும்
முப்பது நாள் அதன் குப்பைக்கூடையில் கிடக்கும்.
அப்படி அமைத்து வைத்தது கோராஸ்ட்.
அவசரக்காரி வீட்டுக்கு இதுதான் சரி என்று
அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தான்.